எண்ணெய் வைச்ச தலையும் ஆனையிறவு நித்திரையும்: மகன்ர காது டெஸ்டுக்கு ஒரு வருசம் அலைஞ்ச கதை

போன மாசம் மகன்ர காது மெசினுக்கு செட்டிங் பாக்க யாழ்ப்பாணம் போயிருந்தன். வாங்கில இருக்கேக்க ஒரு தங்கச்சி ஓட்டோவில வந்து இறங்கினா, தோளில ஒண்டரை வயசுப் பிள்ளை ஒண்டு வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை. தலை எண்ணெயில மினுங்குது, நெத்தியில திருநீறு. எங்கையிருந்து வாறீங்கள் எண்டு கேட்டன், மாங்குளத்துக்கு உள்ளுக்கை எண்டா. என்ன டெஸ்ட் எண்டு கேட்டன், பெரா எண்டா, பிள்ளையை நித்திரையாக்கிச் செய்யிற காது டெஸ்ட். எனக்கு வயித்துக்குள்ள ஒரு மாதிரிப் போட்டுது. நான் வாய் திறக்க முதலே அந்தப் பிள்ளை கண்ணை முழிச்சு என்னைப் பாத்துச் சிரிக்குது. முடிஞ்சுது. அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு டெஸ்ட் நடக்காது எண்டு எனக்கு அந்த இடத்திலயே தெரியும், ஏன் எண்டா 2022ல இதே எண்ணெய்த் தலையோட, இதே நித்திரையோட என்ர பிள்ளையை நானும் தூக்கிக்கொண்டு போனனான். எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. அந்தத் தங்கச்சிக்கும் ஒருத்தரும் சொல்லேல்ல. அதுதான் இவ்வளவு நீட்டா எழுதுறன், தேவையான ஆக்கள் பொறுமையா வாசியுங்கோ.

எங்கட இடம் புதுக்குடியிருப்புப் பக்கம். மனுசன் கட்டாரில, நான் கார்மன்ட்டில வேலை, வீட்டில மாமியும் பிள்ளையும். மகன் 2020 ஏப்ரலில பிறந்தவன், ஊரடங்குக்குள்ள. பிறந்த உடன பிள்ளையளுக்குக் காது பாக்கிற ஒரு டெஸ்ட் இருக்கெண்டே எனக்கு அப்ப தெரியாது, வீட்டை வந்து சேந்தாக் காணும் எண்டுதான் இருந்தது. ஒன்பது பத்து மாசத்தில பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்புறான் இல்லை. ஆனா ஒழுங்கையால லான்ட்மாஸ்டர் உழவு மெசின் போனா வாசலுக்குத் தவழ்ந்து போவான், செத்தவீட்டுக்குப் பறை அடிச்சா விறைச்சுப்போய் என்னைப் பாப்பான், மழைக்கு முழங்கினா அழுவான். பிறகு எப்பிடிக் காது கேக்காது எண்டுறது? மாமி "எங்கட பரம்பரையில ஆம்பிளையள் பிந்தித்தான் கதைக்கிறவை, உன்ர மனுசன் மூண்டு வயசிலதான் வாய் திறந்தவன், நீ சும்மா பயப்படாத பிள்ளை" எண்டா. நானும் அதைப் பிடிச்சுக்கொண்டு ஒரு வருசம் இருந்திட்டன். பறையும் லான்ட்மாஸ்டரும் எவ்வளவு பெருசாக் கேட்டாலும் தாழ்ந்த சுருதி, நாங்கள் கதைக்கேக்க சொல்லைப் பிரிச்சு விளங்கப்பண்ணுற ச, க, த எழுத்துகளின்ர சத்தம் கூடுதலா உயர்ந்த சுருதிப் பக்கம். ஒண்டு கேட்டா மற்றதும் கேக்கும் எண்டு இல்லை. இதை ஒரு ஆள் அண்டைக்கே சொல்லியிருந்தா ஒரு வருசம் மிஞ்சியிருக்கும்.

ரெண்டு வயசு கிட்டியும் அம்மா எண்டு கூட வரேல்ல எண்டுதான் காது டொக்டரிட்டக் காட்டினது. அவர் பெரா செய்யோணும் எண்டு துண்டு எழுதித் தந்தார். சின்னப் பிள்ளையை அறைக்குள்ள இருத்தி சத்தம் கேட்டா பட்டனை அமத்து எண்டு சொல்லேலாது தானே, அதால பிள்ளை ஒண்டுமே சொல்லாமல் மெசினை வைச்சுப் பாக்கிற டெஸ்ட் இது. ஏபிஆர் எண்டும் சொல்லுவினம், ரெண்டும் ஒண்டுதான்.

2022 மார்ச். அந்த நேரம் ஞாபகம் இருக்கும் தானே, பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, கரண்ட் எப்ப நிக்கும் எண்டு போனில பட்டியல் பாத்துத்தான் உலை வைச்சனாங்கள். யாழ்ப்பாணத்தில டெஸ்ட் செய்யிற இடத்துக்குப் போன் எடுத்துக் கேட்டதுக்கு அங்க கதைச்ச பிள்ளை சொன்னது "அம்மா, பிள்ளை நித்திரை கொண்டாத்தான் செய்யலாம், நித்திரைக் களையோட கொண்டு வாங்கோ" எண்டு மட்டும். விடிய எழுப்பிக்கொண்டு போனாக் காணும் எண்டு நான் விளங்கிக்கொண்டன். மூண்டரைக்கு எழுப்பி, தலைக்கு எண்ணெய் வைச்சு இழுத்து, திருநீறு பூசி, அஞ்சு மணி பஸ் பிடிச்சன். விசுவமடு மட்டும் விளையாடிக்கொண்டு வந்தான். தருமபுரம் தாண்டக் கண் சொருகுது. ஈரத் துவாயால முகம் துடைச்சன், பிஸ்கற் குடுத்தன், மடியில நிக்க வைச்சு ஆட்டினன், கடைசியில காலில கிள்ளியும் விட்டன், அந்தக் கிள்ளு இண்டைக்கும் மனசுக்குள்ள கிடக்குது. கொண்டக்டர் "ஏனக்கா பிள்ளையை இந்தப் பாடு படுத்திறியள், படுக்க விடுங்கோவன்" எண்டு பேசுது. மற்றப் பிள்ளையள் எண்டா கதைச்சுப் பாட்டுப் பாடி முழிப்பா வைச்சிருக்கலாம். இவனுக்கு என்ர குரலே போய்ச் சேரேல்ல, கண்ணை மூடினா அவனுக்கு உலகம் முடிஞ்சுது. பரந்தனில பஸ் மாறி ஏற ஒரு ஐயா எழும்பி யன்னல் கரைச் சீற்றைத் தந்தார், நல்ல மனுசன், ஆனா அதுதான் வினை. ஆனையிறவில அந்த உப்புக் காத்து முகத்தில அடிச்சது தான், தலை நெஞ்சில விழுந்திட்டுது. பளை, கொடிகாமம், சாவகச்சேரி எல்லாம் குறட்டை. யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில இறங்க, முழுகி வந்த பிள்ளை மாதிரி எழும்பிச் சிரிக்கிறான்.

பிறகு அங்க நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. நெத்தியில ஒண்டு, ரெண்டு காதுக்கும் பின்னால ஒவ்வொண்டு எண்டு வயர் ஒட்டோணும். எண்ணெய்த் தோலில ஒட்டு நிக்குதில்லை. டெஸ்ட் செய்யிற மிஸ் ஸ்பிரிட்டால துடைச்சா, மண் மாதிரி நறநறக்கிற ஒரு களிம்பு போட்டுத் தேய்ச்சா, திருநீறும் எண்ணெயும் சேந்து பஞ்செல்லாம் சாம்பல் நிறம். தோலுக்கும் ஒட்டுக்கும் இடையில எவ்வளவு தடை இருக்கெண்டு மெசினில ஒரு நம்பர் வரும், அது 5க்குக் கீழ வரோணுமாம், எங்களுக்கு 20ஐ விட்டு இறங்கேல்ல. அதுக்குள்ள இவன் முழு முழிப்பு, வயரைப் பிடிச்சு இழுக்கிறான். ரெண்டு மணித்தியாலம் லைட்டை நிப்பாட்டிப்போட்டு மடியில ஆட்டிப் பாத்தன். நான்தான் நித்திரை தூங்கினன். "இன்னொரு நாளைக்கு வாங்கோ அம்மா" எண்டு அனுப்பிவிட்டினம். அண்டைக்குப் போன காசு எண்டு பாத்தா பஸ், ஓட்டோ, சாப்பாடு எல்லாம் 2,400 ரூபா தான், ஆனா ஒரு நாள் லீவால சம்பளமும் போய், மாச முடிவில வாற அட்டண்டன்ஸ் அலவன்ஸும் போட்டுது.

இதால நான் படிச்சது: தூர இடத்தில இருந்து போற ஆக்கள் முதல் நாளே போய் அந்த ஊரில ஆற்றையேன் வீட்டில தங்கிப்போடுங்கோ. இரவு பன்னிரண்டு மட்டும் விளையாட விட்டு, விடிய நாலுக்கு எழுப்பி, வெறுங் காலோட முத்தத்தில ஓட விடுங்கோ. வாகனத்தில பத்து நிமிசம் கண் மூடினாலும் களை கலைஞ்சு போடும், அதால கடைசித் துண்டுக்கு ரெண்டு பெரியாக்கள் வேணும், ஒரு ஆள் காணாது. பாலோ சாப்பாடோ டெஸ்ட் அறைக்குள்ள போய்த்தான், மருந்து குடுத்து நித்திரையாக்கிறது எண்டா மட்டும் எத்தினை மணித்தியாலம் வெறும் வயிறு எண்டு முதலே கேளுங்கோ. அவன் படுக்கிற சீலையைக் கொண்டு போங்கோ, அம்மாவின்ர பழஞ்சீலை மணத்துக்கு ஒரு மருந்தும் நிகரில்லை. முதல் நாள் தலை முழுக வாத்து, அண்டைக்கு எண்ணெய், பவுடர், திருநீறு, பொட்டு ஒண்டும் வேண்டாம். சாமி கோவிக்காது.

இந்த டெஸ்ட் என்னத்தைப் பாக்குது எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது, இரவில போனை நோண்டி நோண்டி. சத்தம் காதுக்குள்ள போனா நரம்பு வழியா மூளைத்தண்டுக்கு ஒரு சின்ன மின் ஓட்டம் போகும், பத்து மில்லி செக்கனுக்குள்ள வரிசையா அஞ்சாறு மேடு. 1970, 71ல அமெரிக்காவில ஜூவெட் எண்டவர்தான் மனுசரில இதை வடிவாக் காட்டினவர். ஆனா அது சரியான சின்னன், ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு, மூளையில ஓடுற மற்றக் கரண்ட்டுக்கும் கழுத்துத் தசை இழுக்கிற கரண்ட்டுக்கும் இடையில அது தெரியவே தெரியாது. அதால டிக் டிக் டிக் எண்டு ஒரே சத்தத்தை ஆயிரம், ரெண்டாயிரம் தரம் குடுத்து சராசரி எடுக்கிறது. களத்தில நெல்லுத் தூத்துற மாதிரி எண்டு வையுங்கோவன், திரும்பத் திரும்பத் தூத்தப் பதர் பறக்கும், நெல்லு நிக்கும். பிள்ளை முழிச்சு அசைஞ்சா காத்து மாறி அடிக்கிற மாதிரி, எல்லாம் திரும்பக் கலந்து போடும். அதுதான் நித்திரை. அந்த மேடுகளில அஞ்சாவது தான் முக்கியம், சத்தத்தைக் குறைச்சுக் குறைச்சுக் கொண்டு போகேக்க மற்றதுகள் மறைஞ்சாலும் அது நிக்கும், கொஞ்சம் பிந்திப் பிந்தி வரும். எந்த டெசிபலில, அதாவது எவ்வளவு சத்தத்தில, அது கடைசியாத் தெரியுதோ அதுதான் கணக்கு, நம்பர் கூடினாக் கேக்கிறது குறைவு.

ரெண்டாம் தரம் ஏப்ரல் கடைசி. பஸ் ஒழுங்கா ஓடேல்ல, வான் பிடிச்சன், 14,000 ரூபா. மாமியும் வந்தவ, ரெண்டு பேரும் மாறி மாறிப் பிடிச்சு முழிப்பாக் கொண்டு போய்ச் சேத்தம். இந்த முறை பாணி மருந்து குடுத்தவை. குடிச்ச உடன நித்திரை வரும் எண்டு நினைச்சன், இவன் வெறிகாரன் மாதிரி தள்ளாடிக்கொண்டு சிரிக்கிறான், முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகுதான் விழுந்தான். டொக்டர் ஒராள் பக்கத்தில நிண்டு விரலில கிளிப் போட்டு ஒக்சிசன் பாத்தவர், அது இல்லாத இடத்தில மருந்து குடிக்க விடாதேங்கோ. இழுப்பு, நெஞ்சு வருத்தம் இருக்கிற பிள்ளை எண்டா முதலே சொல்லிப்போடுங்கோ. வீட்டை வரேக்கயும் கவனம், டெஸ்ட் முடிஞ்சு கன நேரத்துக்கு அந்தக் கிறக்கம் இருந்தது, வானுக்குள்ள தலை முன்னுக்கு மடிஞ்சு மடிஞ்சு விழ மாமி வழி முழுக்க நாடியை நிமித்திப் பிடிச்சுக்கொண்டு வந்தவ.

சரி, நித்திரை கொண்டான். ஆனா ரெண்டரைக்குக் கரண்ட் போற நாள். வயர் ஒட்டி முடியவே ஒண்டே முக்கால். அவசரம் அவசரமா ரெண்டு காதுக்கும் அந்த டிக் டிக் சத்தம் மட்டும் குடுத்துப் பாத்தவை. வேற ஒரு சத்தமும் இல்லை, நடுக்காது பாக்கேல்ல, எலும்பில வைச்சுப் பாக்கேல்ல. அவனுக்கு அண்டைக்குத் தடிமன், மூக்கால ஓடிக்கொண்டிருந்தது, ஒருத்தரும் அதைப் பற்றிக் கேக்கேல்ல, அது முக்கியம் எண்டு எனக்கும் தெரியாது. ஒரு பக்க ரிப்போட், இங்கிலீசில. 90 டெசிபலில ரெண்டு காதிலயும் பதில் இல்லை, மிகக் கடுமையான கேட்டல் குறைபாடு. வாசிச்சுச் சொன்ன ஆள் "பிள்ளைக்கு ஒண்டும் கேக்காது அம்மா" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த துண்டைக் கூப்பிட்டவர்.

லான்ட்மாஸ்டருக்குத் திரும்புறவன் ஐயா எண்டு நான் சொன்னதுக்கு அது அதிர்வு எண்டவர்.

வானுக்குள்ள ஏறின நான் பரந்தன் மட்டும் கதைக்கேல்ல. மாமியும் கதைக்கேல்ல. இரவு மனுசன் போன் எடுக்க அழுது முடிச்சு, பிறகு ரெண்டு பேருக்கும் சண்டை, மச்சான் மச்சாள் கட்டினதாலதான் எண்டு ஊர் கதைக்கும் எண்டு அவருக்குக் கவலை, எனக்கு என்ன கவலை எண்டு எனக்கே தெரியேல்ல. ஒழுங்கையில ஒரு ஆள் அந்தச் சொல்லைச் சொன்னது, எங்கட ஊரில அப்பிடியான பிள்ளையளுக்குச் சொல்லுற சொல்லு, நான் இங்க எழுத மாட்டன். அந்த வைகாசியில வற்றாப்பளை அம்மாளிட்ட பொங்கலுக்குப் போய் அழுது நேத்தி வைச்சன்.

இப்ப எனக்குத் தெரிஞ்சதை அண்டைக்கே தெரிஞ்சிருந்தா அந்த ரிப்போட்டைப் பாத்து இவ்வளவு உடைஞ்சிருக்க மாட்டன். அந்த டிக் சத்தம் காட்டிறது கூடுதலா 2000, 4000 ஹேர்ட்ஸ் எண்ட உயர்ந்த சுருதிப் பக்கத்தை மட்டும். கீழ, தாழ்ந்த பக்கத்தில, 500ல பிள்ளைக்குக் கேக்கிறது நல்லா மிச்சம் இருந்தாலும் டிக் அதை வடிவாக் காட்டாது. மற்றது அந்த மெசின் டிக் சத்தத்தில குடுக்கக்கூடிய உச்சமே அந்த 90, 100 பக்கம்தான். அதுக்குப் பதில் வரேல்ல எண்டா அவ்வளவுக்குள்ள வரேல்ல எண்டுதான் கருத்து, ஒண்டும் கேக்காது எண்டு இல்லை. அந்த ரெண்டுக்கும் இடையில என்ர ரெண்டு லச்சம் ரூபா போனது.

ஓம், காது மெசின். ரிப்போட்டைக் கொண்டு போனன், விக்கிற இடத்தில "பவர் கூடின சோடி போடோணும், பிந்தினா மூளை பழகாது" எண்டவை. பிந்தக்கூடாது எண்டது உண்மைதான், அதைச் சொல்லித்தான் பயப்படுத்தினவை. ரெண்டு காப்பையும் அடகு வைச்சன், மிச்சத்துக்குச் சீட்டை விழுந்த விலைக்கு எடுத்தன், 2,10,000 ரூபா. போட்ட உடன அலறி அடிச்சுக் கழட்டி எறிஞ்சான். பழகும் பழகும் எண்டவை. பழகேல்ல. காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குள்ள போய் இருப்பான், மெசின் பெட்டியைக் கண்டாலே ஓட்டம். அஞ்சு மாசம் அப்பிடிப் போச்சு. என்ன நடந்தது எண்டா, எல்லாச் சத்தத்துக்கும் 90க்கு மேல எண்டு வைச்சு மெசினை உயர்த்திவிட்டிருக்கினம், அவனுக்குக் கொஞ்சம் கேக்கிற தாழ்ந்த பக்கத்தில அது இடி மாதிரி விழுந்திருக்கு. பிள்ளை குழப்படி செய்யேல்ல, சொல்லத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தவன். ரிப்போட் வந்த அண்டைக்கே மெசின் வாங்காதேங்கோ. ஒரு கிழமையாவது போட்டுப் பாக்கத் தருவியளோ எண்டு கேளுங்கோ, 500க்கும் 1000க்கும் எவ்வளவு எண்டு தெரியாமல் என்னெண்டு செட்டிங் வைச்சனீங்கள் எண்டும் கேளுங்கோ. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தடுமாறினா எழும்பி வாங்கோ.

கார்மன்ட்டில கூட வேலை செய்யிற ஒரு அக்கா சொல்லித்தான் 2022 டிசம்பரில கொழும்புக்குப் போனது. கிளிநொச்சியில இரவு ரயில் ஏறி, விடியக் கோட்டையில இறங்கி. அங்க மிஸ் சிங்களம், எனக்குச் சிங்களம் "கீயத" எண்டு விலை கேக்கிற அளவுக்குத்தான். அங்க துப்பரவு வேலை செய்யிற ஹற்றன் பக்கத்து அக்கா ஒராள் ஓடி ஓடி வந்து சொல்லித் தந்தவ, அவவுக்கு நான் ஒரு தேத்தண்ணி கூட வாங்கிக் குடுக்கேல்ல எண்டு இப்பவும் யோசிப்பன். அந்த மிஸ் பழைய ரிப்போட்டைப் பாத்திட்டு முதல் கேட்டது: அலை கீறின தாள் எங்க? எனக்குத் தந்தது ஒரு பக்க முடிவு மட்டும், அந்தக் கோடு கோடான தாளுகளையும் கேட்டு வாங்கோணும் எண்டு ஆருக்குத் தெரியும். அது இருந்தா வேற ஆள் பாத்து உண்மையிலயே பதில் இல்லையோ, கரைச்சலான பதிவோ எண்டு சொல்லுவினம். ரெண்டாவது கேட்டது: டிம்பனோமெற்றி செய்ததோ?

அது ரெண்டு நிமிச வேலை. காதுக்குள்ள ஒரு ரப்பர் முனையை வைச்சுக் காத்தமுக்கம் குடுத்து செவிப்பறை அசையுதோ எண்டு பாக்கிறது, நித்திரை கூடத் தேவையில்லை, அசையாமல் இருந்தாச் சரி. மலை மாதிரி ஒரு கோடு வரோணும், எங்களுக்கு ரெண்டு காதிலயும் தரை மாதிரி ஒரு நேர்கோடு. நடுக்காதுக்குள்ள தண்ணி. அந்தத் தண்ணி மட்டுமே கேக்கிறதை 20, 30 டெசிபல் குறைச்சுக் காட்டும். ஏப்ரலில தடிமனோட போகேக்கயும் இந்தத் தண்ணி இருந்திருக்கும் எண்டு நான் நினைக்கிறன், ஆனா அண்டைக்கு ஒருத்தரும் பாக்கேல்ல, அதால உறுதியாச் சொல்லேலாது. அண்டைக்கு பெரா செய்ய மாட்டன் எண்டு மிஸ் சொல்லிப்போட்டா. எனக்குக் கோவம், இவ்வளவு தூரம் வந்து 26,000 ரூபா முடிச்சு வெறுங்கையோட போறதோ எண்டு. "இப்ப செய்தாத் திரும்பவும் பிழையான நம்பர்தான் கொண்டு போவீங்கள்" எண்டு அந்த அக்கா மூலம் சொன்னா. இண்டைக்கு யோசிச்சா என்னை முதல் முதலா ஏமாத்தாத ஆள் அவதான். காது டொக்டர் மருந்து தந்து மூண்டு மாசம் பாப்பம், தண்ணி போகேல்லை எண்டாச் சின்னக் குழாய் வைப்பம் எண்டார், நல்ல காலத்துக்கு அது தானா வத்தினது.

தடிமன், காதுக் குடும்பி, காதால வடியிறது ஏதும் இருந்தாப் போன் எடுத்துச் சொல்லித் திகதியை மாத்துங்கோ. கிடைச்ச திகதியை விட மனம் வராது, எனக்குத் தெரியும். விடுங்கோ.

கொழும்பில அந்த வாங்கில ரெண்டு பேரைச் சந்திச்சன். ஒராள் அனுராதபுரப் பக்கத்துத் தாய், அவவின்ர பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கடுமையா வந்து கன நாள் ஸ்பெஷல் வாட்டில இருந்ததாம், பிறந்த உடன ஓஏஈ எண்ட டெஸ்டில பாஸ், அதால ரெண்டு வருசம் சும்மா இருந்திட்டினம். ஓஏஈ எண்டது காதுக்குள்ள இருக்கிற மயிர்க் கலம் திருப்பிப் போடுற சின்ன எதிரொலியைப் பிடிக்கிறது, நரம்பைப் பாக்காது. மஞ்சள் கூடின, ஐசியூவில இருந்த பிள்ளையளுக்கு நரம்பில பிரச்சினை வரலாம், அதுகளுக்கு ஓஏஈ மட்டும் காணாது, ஏபிஆரும் வேணும். மற்றவர் எங்கட முள்ளிவாய்க்கால் பக்கத்து அண்ணை. செல் குண்டு விழுந்து ஒரு பக்கக் காது போனவர். பட்டன் டெஸ்டில ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு நம்பர் வந்திருக்கு, "காசுக்காக நடிக்கிறீரோ" எண்டு கேட்டுப் போட்டினமாம். காதுக்குள்ள ஒரே கூவிக்கொண்டிருந்தா மெசின்ர சத்தம் எது, என்ர காதின்ர சத்தம் எது எண்டு எனக்கு என்னெண்டு தெரியும் தங்கச்சி எண்டார். அவருக்கும் இந்த நித்திரை டெஸ்ட் தான் எழுதிக் குடுத்திருந்தது. பெரியாக்களுக்கு மருந்து தேவையில்லை, கழுத்தை இளக்கி அசையாமல் படுத்தாக் காணும். பட்டன் டெஸ்டுக்குப் போற இப்பிடிக் கூவுற ஆக்கள், விட்டு விட்டு வாற சத்தமாத் தாங்கோ எண்டு கேட்டா நல்லது, காதுக்குள்ள கூவுறதோட குழம்பாது.

2023 மார்ச் கடைசியில மூண்டாம் தரம். முதல் நாளே போய் வெள்ளவத்தையில மனுசன்ர சிநேகிதன் வீட்டில தங்கினம். மருந்து வேண்டாம், பழஞ்சீலை, கொஞ்சம் பால், லைட் நிப்பாட்டினது, பத்து நிமிசத்தில விழுந்தான். டிம்பனோவில மலை வந்திட்டுது. மிஸ் ஒரு வேலை செய்தா, அது எனக்குச் சரியாப் பிடிச்சது. ஒரு காதை முழுக்க முடிச்சுப்போட்டு மற்றக் காதுக்குப் போகேல்ல. வலதுக்கு 2000, இடதுக்கு 2000, பிறகு வலதுக்கு 500, இடதுக்கு 500 எண்டு மாறி மாறி. ஏன் எண்டா பிள்ளை எந்த நிமிசமும் முழிக்கும், முழிச்சாலும் ரெண்டு காதையும் பற்றி ஏதாவது கையில இருக்கும். பிறகு எலும்புவழி, காதுக்குப் பின்னால ஒரு அதிர்ற கட்டையை வைச்சு, பிரச்சினை நடுக்காதிலயோ உள்காதிலயோ எண்டு பிரிக்க. கடைசியா ஏஎஸ்எஸ்ஆர் எண்ட இன்னொரு நித்திரை டெஸ்ட். அதில 500, 1000, 2000, 4000 எல்லாம் ரெண்டு காதுக்கும் சேத்தே ஓடும், கோட்டைப் பாத்து ஆள் முடிவு சொல்லுறது இல்லை, மெசினே கணக்குப் போட்டுப் பதில் இருக்கு இல்லை எண்டு சொல்லும், சத்தமும் டிக்கை விடக் கொஞ்சம் உயர்த்திக் குடுக்கலாம். ஒண்டே முக்கால் மணித்தியாலம் நித்திரை கொண்டான் என்ர ராசா. ரிப்போட் வர, அந்த ஹற்றன் அக்காவைத் தேடினன், அண்டைக்கு லீவு, தமிழ் தெரிஞ்ச நேர்ஸ் ஒராள் வந்து விரலை வைச்சு வாசிச்சா. வலது காது 500ல 55, 1000ல 75, 2000ல 90, 4000ல 95. இடது கொஞ்சம் கூட. படிக்கட்டு மாதிரி இறங்குது. 55 எண்டா லான்ட்மாஸ்டர் கேக்கும். பறை கேக்கும். எனக்கு அழுகையும் வந்தது, அந்த "அதிர்வு" எண்டு சொன்ன ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால நிப்பாட்டோணும் போலயும் இருந்தது.

நம்பரில ஒரு சூட்சுமம் இருக்கு, கவனியுங்கோ. டெஸ்ட் மெசினில வாற நம்பர் அப்பிடியே பிள்ளைக்குக் கேக்கிற நம்பர் இல்லை. அஞ்சாவது மேடு தெரிய வேண்டிய சத்தம் உண்மையிலயே கேக்கிற சத்தத்தை விட 10, 15, சிலவேளை 20 கூட இருக்கும், அதைக் கழிச்சுத்தான் காது மெசின் செட்டிங்குக்குப் போடோணும். என்எச்எல் எண்டு எழுதியிருந்தாக் கழிக்காதது, ஈஎச்எல் எண்டு இருந்தாக் கழிச்சது. விக்கிற இடத்தில திரும்ப ஒருக்காக் கழிச்சாலும் பிழை, கழிக்காமல் போட்டாலும் பிழை. எங்கட ரிப்போட்டில மிஸ் பேனையாலயே வட்டம் போட்டுத் தந்தவ.

புது மெசின் வாங்கேல்ல. அதே 2,10,000 ரூபாய் மெசினை அந்த நாலு நம்பரையும் வைச்சுத் திரும்பச் செட் பண்ணினவை, கட்டணம் 3,000 ரூபா. போட்டான். கழட்டேல்ல. ஒரு கையால தொட்டுப் பாத்திட்டு வாசல் பக்கம் திரும்பினான், வெளியில ஆரோ கதைச்சது.

முதல் வந்த சொல்லு அம்மா தான், மற்றத் தாய்மாருக்குச் சொல்லுறன், அதில உருகி விழாதேங்கோ, "ம" தாழ்ந்த சத்தம், அது லேசு. மீன் சொல்லுவான், மாமா சொல்லுவான். சோறு இப்பவும் "ஓறு" தான், அந்தச் "ச" மேல 4000 பக்கம் நிக்குது, மெசினாலயும் முழுக்கக் கொண்டு வர முடியேல்ல. உள்காதுக்குள்ள வயர் வைக்கிற கொக்லியர் ஒப்பரேசன் கதை இன்னும் முடியேல்ல, வருசா வருசம் டெஸ்ட் பாத்துக்கொண்டு வாறம், அதைப் பற்றி எனக்கே இன்னும் முடிவு இல்லாததால இங்க எழுதேல்ல.

மெசின் டெஸ்டோட விட்டிடாதேங்கோ. கொழும்பு மிஸ் சொன்னவ, மூண்டு மூண்டரை வயசில பிள்ளை தானாச் சொல்லுற டெஸ்டும் செய்து ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் நம்பலாம் எண்டு. பெரா சத்தம் நரம்பால மூளைத்தண்டு வரைக்கும் போறதைத்தான் பாக்குது, பிள்ளை கேட்டு விளங்கிறதை இல்லை. அதுக்கு வீட்டில பழக்கினன். ஒரு பால்மா ரின், ஒரு சிரட்டை புளியங்கொட்டை. மாமி பின்னால நிண்டு சட்டியில தட்டுவா, அவன் ஒரு கொட்டையைக் காதுக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு இருப்பான், சத்தம் கேட்டா ரின்னுக்குள்ள போடோணும். முதல் கிழமை எல்லாக் கொட்டையையும் ஒரேயடியாக் கொட்டினான், ரெண்டாம் கிழமை ஒண்டை வாய்க்குள்ள போட்டான், மூண்டாம் கிழமை பிடிபட்டிட்டுது. 2023 நவம்பரில யாழ்ப்பாணத்தில அந்த டெஸ்ட் செய்ய, 500ல 50, 1000ல 70, 2000ல 85. ஏஎஸ்எஸ்ஆர் சொன்னதோட அஞ்சு டெசிபல்தான் வித்தியாசம். அந்த மிஸ் ரெண்டு தாளையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டினவ. ரெண்டையும் ஒரே பைலில போட்டு, கிளினிக் கொப்பியோட, பொலித்தீன் சுத்தி அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன், வெள்ளம் வந்தா முதல் தூக்கிறது அதைத்தான்.

கணக்குப் பாத்தா மெசினை விட்டு மூண்டு லச்சத்துக்குக் கொஞ்சம் குறைய முடிஞ்சுது, லீவும் வானும் கொழும்பும் டெஸ்டுமா. காப்பு ஒண்டு மீட்டாச்சு, மற்றது இன்னும் பாங்கில.

அந்த மாங்குளத்துத் தங்கச்சிக்கு என்ர நம்பர் குடுத்திருக்கிறன். அடுத்த திகதிக்கு முதல் நாளே வந்து நல்லூரில எங்கட சித்தி வீட்டில தங்கச் சொல்லியிருக்கு. எனக்கும் அதே கிழமை போகோணும், மகனுக்குக் காது வளந்து, மெசின்ர காதுக்குள்ள வைக்கிற மோல்ட் லூசாகி விசிலடிக்குது, அச்சுத் திரும்ப எடுக்கோணும். அந்த விசில் எங்கள் எல்லாருக்கும் கேக்குது, அவனுக்கு மட்டும்தான் கேக்கேல்ல.